நியூட்டன் விதிகள்: ஒரு வங்கி கிளார்க்கின் கணக்கு

(சமூகக் கூடத்தில் நடந்த மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இயற்பியல் பற்றிப் பேச பி.காம். படித்தவன் எதற்கு என்று சிலர் முகத்தில் எழுதியிருக்கிறது. நம் குடியிருப்பில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் இந்த நேரத்தில் ஆபீஸ் கால் இருக்கும். நான் ஓய்வு பெற்றவன். செயலாளர் என்னைப் பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம். மாலையில் நம் பிளாக் பிள்ளைகள் நாலைந்து பேர் கணக்குச் சந்தேகம் கேட்க வருவார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள். அவர்களோடு சேர்ந்து நானும் படித்தேன், பிடித்துப்போயிற்று. இது இரண்டாவது காரணம்.

மூன்றாவதுதான் முக்கியம். வரும் பொதுக்குழுவில், வளாகத்துக்குள் எல்லா வண்டிக்கும் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம்தான் என்ற தீர்மானம் வருகிறது. "பத்தா, இருபதா, இதற்கெல்லாம் ஒரு தீர்மானமா" என்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை எல்லோரும் படித்தோம். நான் அந்தச் சண்டையில் இறங்கப் போவதில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை.

முதல் விதி. வெளியிலிருந்து விசை எதுவும் வராதவரை, நிற்கிற பொருள் நின்றபடியே இருக்கும். ஓடுகிற பொருள் அதே வேகத்தில், நேர்கோட்டில் ஓடியபடியே இருக்கும்.

முதல் பாதியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஹாலில் போட்ட சோபா மறுநாளும் அங்கேயேதான் கிடக்கிறது. இரண்டாம் பாதிதான் தொண்டையில் சிக்குகிறது. தள்ளுவதை நிறுத்தினால் எந்தப் பொருளும் நின்றுவிடுகிறதே? மளிகைக் கடைத் தள்ளுவண்டி நிற்கிறது, கேரம் காய் நிற்கிறது. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். ஒரு பொருள் ஓட வேண்டுமானால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் உலகம் அதை நம்பியது. நம்மில் பலர் பள்ளியில் விதியை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கிவிட்டு, உள்ளுக்குள் இன்னும் அரிஸ்டாட்டில் கட்சியில்தான் இருக்கிறோம்.

உங்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் வேகம் என்பது கணக்கில் உள்ள இருப்பு. விசை என்பது வரவு, பற்று. ஒரு மாதம் முழுக்க வரவும் இல்லை, பற்றும் இல்லை என்றால் இருப்பு என்ன ஆகும்? பூஜ்யமாகிவிடுமா? ஆகாது. எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருக்கும். பூஜ்யம் இருந்தால் பூஜ்யம், ஐயாயிரம் இருந்தால் ஐயாயிரம். முதல் விதி சொல்வது இவ்வளவுதான்.

அப்படியானால் தள்ளுவண்டி ஏன் நிற்கிறது? கவுண்டரில் எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள்: "சார், நான் பணமே எடுக்கவில்லை, எப்படிக் குறைந்தது?" பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தால் தெரியும். எஸ்.எம்.எஸ். கட்டணம், ஏ.டி.எம். கார்டு கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம். பணம் தானாகக் கரையவில்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியின் வேகமும் தானாகக் கரைவதில்லை, உராய்வு எடுத்துக்கொள்கிறது. சக்கரத்தில் கொஞ்சம், தரையில் கொஞ்சம், காற்றில் கொஞ்சம். கேரம் போர்டில் பவுடர் தூவுவது அந்தக் கட்டணத்தைக் குறைக்கத்தான்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் கலிலியோ. ஒரு சரிவில் குண்டை உருட்டிவிட்டு எதிர்ச் சரிவில் ஏறவிட்டால், கிட்டத்தட்டப் புறப்பட்ட உயரத்துக்கே ஏறப் பார்க்கும். எதிர்ச் சரிவைப் படுக்கவைக்கப் படுக்கவைக்க, அந்த உயரத்தைத் தேடி இன்னும் இன்னும் தூரம் ஓடும். எதிர்ச் சரிவே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால்? உயரம் கிடைக்கவே கிடைக்காது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கட்டணம் பிடிக்க ஆளில்லாத இடம் விண்வெளி. 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலத்தைத் தள்ள இன்று எந்த எஞ்சினும் இல்லை. நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். "அப்படியே முன்னால் தூக்கி எறிந்துவிட்டது" என்கிறோம். எறிந்தது யார்? யாரும் இல்லை. பஸ்ஸின் கணக்கில் பற்று விழுந்தது, உங்கள் கணக்கில் விழவில்லை. நீங்கள் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள், பஸ்தான் பின்தங்கிவிட்டது. கம்பியைப் பிடித்திருந்தால் கம்பி உங்களை நிறுத்தும். இல்லையென்றால் முன் சீட்டுக்காரரின் முதுகு நிறுத்தும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் சீட் பெல்ட் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டாம். உங்களை எறிய வருகிற ஏதோ ஒரு சக்தியிடமிருந்து பெல்ட் காப்பாற்றுவதில்லை. கார் நிற்கும்போது நீங்களும் கூடவே நிற்க, உங்கள் கணக்கிலும் அந்தப் பற்றைப் போடுகிற கருவி அது. மூன்று இடத்தில் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை வோல்வோ கம்பெனியின் நீல்ஸ் போலின் வடிவமைத்து, 1959இல் கார்களில் வந்தது.

இரண்டாம் விதிக்குப் போகுமுன் நியூட்டனைப் பற்றி நாலு வரி. நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் அவர். 1696இல் லண்டன் நாணயச் சாலையில் பொறுப்பேற்று, பின்பு அதன் தலைவராகி, சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். கள்ள நாணயக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தார். தென்கடல் கம்பெனி பங்குகளில் பணம் போட்டு, 1720இல் அது சரிந்தபோது நஷ்டமும் பட்டார். கிரகங்களின் ஓட்டத்தைக் கணித்தவருக்கே ஷேர் மார்க்கெட் பிடிபடவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். மூன்று விதிகளும் உள்ள அவருடைய 'பிரின்சிபியா' 1687இல் லத்தீனில் வந்தது. அச்சடிக்க ராயல் சொசைட்டியிடம் காசில்லை. மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டு, விற்காமல் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலிதான் கைக்காசு போட்டு அச்சிட்டார். அவருக்கு வர வேண்டிய சம்பளத்துக்குப் பதில் விற்காத மீன் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தார்களாம். போனஸுக்குப் பதில் காலண்டர் கொடுப்பது நேற்று வந்த வழக்கமில்லை.

இரண்டாம் விதி. விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம். முடுக்கம் என்றால் வேகம் மாறுகிற வீதம், கூடினாலும் குறைந்தாலும். அதே மாற்றம் வேண்டுமானால் கனமான பொருளுக்குக் கூடுதல் விசை வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் யோசிக்காதது இன்னொன்று. ஒரே அளவு வேக மாற்றத்தை நீண்ட நேரத்தில் செய்தால் சின்ன விசை போதும், கண நேரத்தில் செய்தால் பெரிய விசை வேண்டும். ஒரு கடனை இருபது வருடத் தவணையில் அடைப்பதற்கும் நாளைக் காலையிலேயே அடை என்பதற்கும் உள்ள வித்தியாசம். கடன் ஒன்றுதான், நெருக்கடி வேறு. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது தவணை வாங்குவதுதான்.

இதை நம் மாடிக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். வேகத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாருக்கும் பயம் வருவதில்லை, மாடியில் சொன்னால் வரும். மேலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்று சுலபமாகக் கணக்கிடலாம். அதைத் திருப்பிப் போட்டேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டு டைனிங் டேபிளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவு வரும். 40 கிலோமீட்டர் வேகம், 6.3 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் இரண்டாவது மாடி. 60 கிலோமீட்டர், சுமார் 14 மீட்டர். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில்.

கவனித்தீர்களா? வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நாலாவது மாடி பால்கனிக் கைப்பிடியில் குழந்தையை உட்கார வைப்போமா? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அதே குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து பைபாஸில் அறுபதில் போகிறோம்.

இப்போது எங்கள் கவுண்டர் வாய்ப்பாடு ஒன்று தருகிறேன். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். நம் எடையைப்போல் ஏறக்குறைய எத்தனை மடங்கு விசை நம்மைத் தாக்கியது என்பதுதான் விடை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு சுவரில் மோதுகிறது. முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6.3ஐ 0.5ஆல் வகுத்தால் சுமார் 12.5. பெல்ட் போட்டவரும் காரோடு சேர்ந்து அந்த அரை மீட்டரில் நிற்கிறார். எடையைப்போல் 12 மடங்குக்கு மேல். வலிக்கும், ஆனால் பிழைக்கலாம். பெல்ட் போடாதவர்? கார் நின்ற பிறகும் 40 கிலோமீட்டரிலேயே போய் டேஷ்போர்டிலோ முன் சீட்டிலோ மோதுகிறார். அவருக்கு நிற்கக் கிடைப்பது ஐந்து சென்டிமீட்டர் என்றால் 6.3ஐ 0.05ஆல் வகுக்க வேண்டும். 126 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு ஏழரை டன். "அந்தக் காலத்து அம்பாசடர் இரும்பு மாதிரி, இந்தக் காலத்துக் கார் தகரம், தொட்டால் நசுங்குகிறது" என்று என் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. அது நசுங்குவதுதான் நமக்குக் கிடைக்கும் தவணை. கார் நசுங்காவிட்டால் உள்ளே இருப்பவர் நசுங்குவார்.

பின் சீட்டுக்கும் இதே வகுத்தல்தான். பின்னால் உட்கார்ந்தால் இரண்டாம் விதி விலக்கு கொடுப்பதில்லை. சட்டமும் கொடுப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு பெல்ட் போடாததற்கு அபராதம் 1000 ரூபாய், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே 1000.

தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். "என் மடியில்தானே இருக்கிறான், கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்வீர்கள். பத்து கிலோ குழந்தை. பன்னிரண்டரை மடங்கு. அந்த ஒரு கணத்தில் குழந்தையின் எடை உங்கள் கைக்கு 125 கிலோ. இரண்டரை மூட்டை சிமெண்ட். பாசம் எவ்வளவு இருந்தாலும் கை அதைத் தாங்காது. அதிலும் முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால், இமைக்கும் நேரத்துக்குள் விரிகிற ஏர்பேக்குக்கும் உங்களுக்கும் நடுவில் குழந்தை. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், மாமியார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் இருக்கையை வாங்கிப் பின் சீட்டில் மாட்டுங்கள்.

ஹெல்மெட்டும் அதே கதை. மேலே உள்ள ஓட்டைத்தான் எல்லோரும் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். தலையைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான பொருளுக்குத்தான். வண்டியிலிருந்து சும்மா கீழே விழுந்தாலே தலை ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. வெறும் தலை ரோட்டில் பட்டால், ஒரு பேச்சுக்கு, மூன்று மில்லிமீட்டரில் நிற்கிறது. 1.5ஐ 0.003ஆல் வகுத்தால் 500 மடங்கு. ஹெல்மெட்டின் உள்பொருள் இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் 60 மடங்கு. ஒருமுறை அமுங்கிய பொருள் மறுபடி எழும்பாது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. முதிர்வடைந்த டெபாசிட் ரசீதை வைத்துக்கொண்டு வட்டி கேட்கக் கூடாது. வார் மாட்டாமல் போடுவது பற்றி என்ன சொல்ல. முதல் விதிப்படி ஹெல்மெட் தன் வழியில் போகும், தலை தன் வழியில் போகும். குழந்தைகள் விஷயத்தில் விதிமுறை தெளிவாக இருக்கிறது: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது.

இனி நம் பேஸ்மெண்ட் சாய்தளம். சரிவு முடிந்து வண்டி வெளியே வருகிற வாயிலிருந்து, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பாதை நாலு மீட்டர். நான் டேப் வைத்து அளந்தேன், காவலாளி சாட்சி. ஏறி வருகிற டிரைவருக்கு அந்த வாயில் வந்த பிறகுதான் பாதை தெரியும்.

ஒரு குழந்தையைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆளுக்கு இது நியாயமான கணக்கு. அந்த ஒரு நொடியில் வண்டி பழைய வேகத்திலேயே போகும். 10 கிலோமீட்டர் வேகமென்றால் 2.8 மீட்டர். பிறகு பிரேக் பிடித்து நிற்க அரை மீட்டர் சொச்சம். மொத்தம் மூன்றரை மீட்டருக்குள். குழந்தை தப்பித்தது. 20 கிலோமீட்டர் வேகமென்றால் அந்த ஒரு நொடியிலேயே 5.6 மீட்டர். பாதை நாலு மீட்டரில் இருக்கிறது. அதாவது கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி பாதையைக் கடந்துவிட்டது, முழு இருபதில். பிரேக் நன்றாக இருக்கிறதா, டயர் புதுசா, டிரைவர் நம் ஆளா, டெலிவரிப் பையனா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த நாலு மீட்டரில் பிரேக் என்ற பொருளே கிடையாது. தீர்மானம் பற்றி நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கூடவே, சைக்கிள் பாதையைப் பூங்கா ஓரம் தள்ளிப் போடுவதையும் பரிசீலிக்கலாம் என்பது என் எண்ணம். டிரைவரின் நல்ல புத்தியை மட்டும் நம்பி ஒரு கணக்கை முடிக்கக் கூடாது.

தண்ணீர் லாரிக்கு ஒரு வார்த்தை. 12,000 லிட்டர் என்றால் 12 டன் தண்ணீர். முழுதாக நிரம்பிய லாரியைவிடப் பாதி நிரம்பிய லாரியில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. லாரி பிரேக் போட்டாலும் உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், போய் முன் சுவரில் மோதும். அதனால் லாரி உள்ளே வரும்போது காவலாளி விசில் அடித்தால் கோபப்படாதீர்கள்.

மூன்றாம் விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையில் ஒரு எதிர்விசை உண்டு. மூன்றிலும் இதுதான் பிரபலமானது, மூன்றிலும் இதைத்தான் அதிகம் தப்பாகச் சொல்கிறோம். "அவன் செஞ்ச வினைக்கு அனுபவிக்கிறான், நியூட்டன் மூணாம் விதி" என்று சீரியலில்கூட வருகிறது. நியூட்டனுக்கும் கர்மாவுக்கும் சம்பந்தமில்லை. காலதாமதமும் கிடையாது, இரண்டு விசையும் ஒரே நொடியில்தான்.

இந்த விதியைப் படித்தபோது பி.காம். படித்த எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. இது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு. இத்தாலியப் பாதிரியார் லூக்கா பசோலி இதை 1494இல் புத்தகமாக அச்சிட்டுவிட்டார், நியூட்டனுக்கு 193 வருடம் முன்னால். அவர் கணக்கை மட்டும் எழுதினார், கிரகங்களை விட்டுவிட்டார்.

பிள்ளைகள் எப்போதும் கேட்கிற கேள்வி: எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்றால் இரண்டும் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடாதா? பிறகு எப்படி எதுவுமே நகர்கிறது? பேரேட்டைப் புரட்டுங்கள். நான் உங்களுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் பற்று என் கணக்கில், வரவு உங்கள் கணக்கில். இரண்டும் சமம்தான். ஆனால் இரண்டு கணக்கு. உங்கள் இருப்பு கூடியது நிஜம், என் இருப்பு குறைந்தது நிஜம். விசையும் எதிர்விசையும் எப்போதும் இரண்டு வேறு பொருள்கள் மேல்தான் விழும். ஒரே பொருளின் கணக்கில் இரண்டையும் எழுதவே முடியாது.

பேட்டரி போன காரை நீங்கள் தள்ளுகிறீர்கள். காரின் பக்கத்தில் எழுதுங்கள்: நீங்கள் தள்ளியது முன்னோக்கி, உராய்வு பின்னோக்கி. தள்ளியது அதிகமென்றால் கார் நகரும். உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்: கார் உங்களைத் தள்ளியது பின்னோக்கி, தரை உங்கள் காலைத் தள்ளியது முன்னோக்கி. தரையில் சோப்புத் தண்ணீர் இருந்தால் அந்தக் கடைசி வரவு கிடைக்காது. கார் நிற்கும், நீங்கள் பின்னால் போவீர்கள்.

இதில் ஒரு தந்திரக் கேள்வி உண்டு. மேஜைமேல் புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேஜை அதை மேலே தாங்குகிறது. இரண்டும் சமம். இவை மூன்றாம் விதி ஜோடியா? இல்லை. இரண்டும் புத்தகம் என்ற ஒரே கணக்கில் விழுந்த இரண்டு தனிப் பதிவுகள், தற்செயலாகத் தொகை சமம். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை மேலே இழுப்பது. மேஜை புத்தகத்தைத் தாங்குவதற்கு ஜோடி, புத்தகம் மேஜையை அழுத்துவது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய மனிதர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னேறும் என்று கேட்டு, ராபர்ட் கொடார்டு என்ற விஞ்ஞானியை 1920இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் கிண்டல் செய்தது. ராக்கெட் காற்றைத் தள்ளுவதில்லை, தன் புகையைப் பின்னால் தள்ளுகிறது, புகை அதை முன்னால் தள்ளுகிறது. 1969 ஜூலை 17, அப்பல்லோ 11 நிலாவுக்குக் கிளம்பிய மறுநாள், அந்தப் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. கொடார்டு இறந்து 24 வருடம் ஆகியிருந்தது.

நமக்கு ராக்கெட்டைவிட நடைதான் முக்கியம், குறிப்பாக அறுபது தாண்டியவர்களுக்கு. நாம் நடப்பது நம் காலால் என்று நினைக்கிறோம். கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரைதான் நம்மை முன்னால் தள்ளுகிறது. தரை அப்படித் தள்ள உராய்வு வேண்டும். ஈர டைல்ஸ் அதைக் கொடுக்காது. ஈரத்தில் நடக்க வேண்டி வந்தால் அடியைச் சின்னதாக வையுங்கள். அடி நீளமானால் கால் சாய்வாக விழும், பக்கவாட்டில் நிறைய உராய்வு கேட்கும். அடி சின்னதானால் கால் கிட்டத்தட்ட நேராக இறங்கும், குறைவாகக் கேட்கும், தரையும் கொடுத்துவிடும். காலை ஏழு மணிக்கு, வாக்கிங் போகிறவர்கள் திரும்புகிற நேரத்தில், லாபியைச் சோப்புப் போட்டுத் துடைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து மணிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.

வாஷிங் மெஷின் சுற்றும்போது தண்ணீரை வெளியே தள்ளுகிற விசை எது என்று மூன்றாவது மாடி அம்மா ஒருவர் கேட்டார். எதுவும் இல்லை. துணியை வளைத்துச் சுற்றவைப்பது டிரம்மின் சுவர். தண்ணீருக்கு நேரே ஓட்டை இருக்கிறது, வளைக்க ஆளில்லை. முதல் விதிப்படி நேர்கோட்டில் போய்விடுகிறது.

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது இன்னும் சுவாரஸ்யம். லிஃப்ட் அறுந்து விழுந்தால், தரையைத் தொடும் கடைசி நொடியில் எகிறிக் குதித்தால் தப்பிக்கலாமா? ஐந்தாவது மாடி, 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும்போது வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர். நன்றாகக் குதிக்கிறவன் மேல்நோக்கிக் குதிக்கும் வேகம் சுமார் 11 கிலோமீட்டர். கழித்தால் 51. மூன்றாவது மாடிக்கும் மேலேயிருந்து விழுந்த கணக்கு. அதோடு, லிஃப்டும் நாமும் ஒன்றாக விழும்போது கால் தரையில் அழுந்தவே அழுந்தாது, குதிக்கக் கால் ஊன்றுவதே கஷ்டம்.

ஆனால் பயப்பட வேண்டாம். கயிறு ஒன்றல்ல, பல இருக்கும். எல்லாம் போனாலும், வேகம் வரம்பு மீறினால் இருபுறத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. எலிஷா ஓட்டிஸ் என்பவர் 1854இல் நியூயார்க் கண்காட்சியில் உயரத்தில் தானே நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது அந்த வகைக் கருவியைத்தான். நம் வேலை, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையில் பேரம் பேசுவதற்கு முன் அந்த அமைப்பைச் சோதித்துக் காட்டச் சொல்வது.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு ஏ பிளாக் லிஃப்டில், முள் வைத்த பழைய எடை மெஷின் ஒன்றை வைக்கிறேன். டிஜிட்டல் வேண்டாம், அது எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும். 60 கிலோ ஆள் ஏறி நின்றால், லிஃப்ட் மேலே கிளம்பும்போது முள் 63, 64 என்று எழும்பும். நடுவில் ஒரே சீராகப் போகும்போது திரும்ப 60க்கு வரும், கீழே நிற்கும்போது காட்டிய அதே 60. ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றிருந்தாலும் ஒரே எண். நிற்கப் போகும்போது 60க்குக் கீழே இறங்கும். பிள்ளைகளை அனுப்புங்கள், ஒரு தடவைக்கு மூன்று பேர். பெரியவர்களும் வரலாம், யாருடைய எடையையும் நான் வெளியே சொல்ல மாட்டேன்.